முதல் அழியாத காடு: பேராக் கடலோரமும் கொடைப் பணத்தின் காலக்கணக்கும்

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், வடக்கே கோலா குலாவிலிருந்து தெற்கே பாகான் பஞ்சோர் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிறை வடிவில் படர்ந்திருக்கும் மாத்தாங் அலையாத்திக் காடு 40,000 ஹெக்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்புடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வெட்டப்பட்டும் மீண்டும் நடப்பட்டும் வருகிற அது, உலகில் மிக நீண்ட காலம் திட்டமிட்டுப் பேணப்பட்டுவரும் அலையாத்திக் காடுகளுள் முதன்மையானதாக வனவியலாரால் கருதப்படுகிறது. அலையாத்தி என்ற பெயரிலேயே அக்காட்டின் தொழில் அடங்கியிருக்கிறது. அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது, அலையாத்தி. ஓதம் ஏறும்போது உவர்நீரிலும் வற்றும்போது சேற்றிலும் நின்று வாழப் பழகிய மரங்களின் தொகுதி அது. தமிழகக் கரையில் சுரபுன்னை என்றும் ஈழத்தில் கண்டல் என்றும் அறியப்படும் மரவகைக்கு மலாயில் பாக்காவ் என்று பெயர். மலேசியத் தமிழரிடையிலும் அந்த மலாய்ப் பெயர் நன்கு அறிமுகமானது.

சிதைந்த கடலோரத்தை மீட்பதற்கென அறநிறுவனங்கள் பணம் வழங்குவது இன்று தனித்த ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அப்பணத்துக்கு நல்கை என்று பெயர். மலேசியத் தமிழில் அதை மானியம் என்றும் சொல்வர். குறித்த ஒரு பணிக்காக, குறித்த ஒரு காலத்துக்கு, திருப்பித் தர வேண்டாதபடி அளிக்கப்படும் தொகை அது. விண்ணப்பங்களைப் படிப்பதும், கேட்பவரின் கணக்கையும் நம்பகத்தையும் ஆராய்வதும், தொகையைத் தவணை தவணையாக விடுவிப்பதும், இறுதியில் அறிக்கை பெற்றுக் கோப்பை மூடுவதும் அந்நிறுவனங்களில் பணிபுரியும் திட்ட அலுவலர்களின் வேலை. இத்தகைய நல்கைகளின் காலம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளே. மாத்தாங்கில் ஒரு மரம் நடப்பட்டதிலிருந்து வெட்டப்படும் வரை கழியும் காலமோ 30 ஆண்டு. இவ்விரு காலக்கணக்குகளுக்கும் இடையிலுள்ள தொலைவைப் புரிந்துகொள்ளாமல் கடலோர மீட்பின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது; அதைப் புரிந்துகொள்வதற்குப் பேராக்கைவிடத் தக்க இடமும் வேறில்லை.

1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையால் பிரிட்டிஷ் ஆலோசகர் பேராக்கில் அமர்த்தப்பட்டபோது, லாரூட் பள்ளத்தாக்கின் ஈயம் படகுகளில் சதுப்புக் கழிமுகங்களின் வழியே கடலுக்குச் சென்றுகொண்டிருந்தது. அந்த ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதற்காகத் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்தில், மலாயாவின் முதல் ரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. ஆளுநர் ஃபிரெடரிக் வெல்டின் பெயரைத் தாங்கிய அத்துறைமுகமே இன்றைய கோலா செபெத்தாங். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைப்பிரிவினர் அப்பாதையை அமைத்தனர். அதன் பின் வந்த ஆண்டுகளில் மலாயா ரயில்வேயின் நிலையங்களையும் கணக்கேடுகளையும் யாழ்ப்பாணத்துத் தமிழர் பெருமளவில் நடத்தினர். ரயில் நின்றுபோய் நெடுங்காலம் கடந்த பின்னும், கோலா செபெத்தாங்கின் கடைத்தெருவில் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை இன்றும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் போர்ட் வெல்டின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அலையாத்திக் காட்டின் வாயிலில் தமிழ் எழுத்து நிற்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அக்கரையின் பொருளியலைத் தாங்கிய உழைப்பில் பெரும் பங்கு தமிழருடையது.

கிரியான் மாவட்டத்தில் ரப்பருக்கு முன்பே கரும்பு வந்தது. குலா என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சர்க்கரை என்பது பொருள். ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சதுப்பை வெட்டி வடித்துக் கரும்பு நட்டனர். ரப்பரின் விலை ஏறியதும் 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே கரும்பு பின்வாங்கியது. ஒப்பந்தக் கூலி முறையும் 1910இல் முடிவுக்கு வந்து, கங்காணி முறை மேலோங்கியது. தெற்கே, பேராக் ஆறும் பெர்ணம் ஆறும் கடலைச் சேரும் தாழ்நிலத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ஜெண்டராத்தா ரப்பர் நிறுவனம் போன்றவை காடழித்துத் தோட்டம் அமைத்தன. பாகான் டத்தோவில் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. கடலோரத் தோட்டம் என்பது, முதலில் கடலைத் தடுக்கும் மண்கரை, அதில் ஓதம் வற்றும்போது திறந்து ஏறும்போது மூடும் தண்ணீர்க் கதவு, அதன் பின்னே கோடு போட்டாற்போல் ஓடும் வடிகால் என மூன்றும் சேர்ந்தது. மண்வெட்டியும் கூடையுமாக இடுப்பளவு சேற்றில் நின்று இவ்வேலைகளைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தத் தோட்டத்தின் நூற்றாண்டு மலரிலும் முழுமையாகப் பதிவாகவில்லை. அலையாத்தி நின்ற நிலத்தைக் கரையிட்டு வறட்டியபோது, கடலைத் தணித்துவந்த காட்டின் வேலையை மண்கரை ஏற்றுக்கொண்டது. மரம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். மண்கரையை ஆண்டுதோறும் பணம் கொடுத்தே புதுப்பிக்க வேண்டும். உள்நாட்டிலிருந்தும் சுமை வந்தது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட வண்டல் கிந்தா ஆற்றின் வழியே பேராக் ஆற்றில் இறங்கி, ஆற்றின் கீழ்ப்பகுதிகளை மேடாக்கிற்று.

இந்தச் சூழலில் மாத்தாங் மட்டும் தப்பியது தற்செயல் அன்று. ஈயம் உருக்கும் உலைகளுக்குக் கரியும், சுரங்கப் பொறிகளுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் விறகும், மீன்பிடித் தடுப்புகளுக்கும் வீடுகளுக்கும் கழிகளும் தேவைப்பட்டன. காடு தீர்ந்துவிட்டால் இவை அனைத்தும் நின்றுவிடும். 1901இல் மலாயக் கூட்டு மாநிலங்களின் வனத் தலைவராகப் பொறுப்பேற்ற ஏ. எம். பர்ன்-மர்டாக்கின் காலத்தில் மாத்தாங் படிப்படியாகக் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது; 1904 முதல் செயல்திட்டங்கள் எழுதப்படலாயின. செயல்திட்டம் என்பது, எந்தப் பகுதியை எந்த ஆண்டில் வெட்டுவது, எப்போது நடுவது, எவ்வளவு வருவாய் வரும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வரையறுக்கும் ஆவணம். டி. எஸ். பி. நோக்ஸ் 1952இல் வெளியிட்ட திட்டம் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. அதற்குப் பின் பத்தாண்டுக்கு ஒருமுறை திட்டம் திருத்தி எழுதப்பட்டுவருகிறது. ஆட்சி மாறியது, போர் வந்து போனது, நாடு விடுதலை பெற்றது. திட்டம் மட்டும் தொடர்ந்து எழுதப்பட்டது.

அதன் கணக்கு எளியது. விளைச்சல் தரும் பரப்பு முப்பது பங்காகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1,000 ஹெக்டர், முற்றாக வெட்டப்படுகிறது. வெட்டிய நிலத்தில் இயற்கையாகவே முளைத்தவை போதாவிட்டால், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் நீண்ட விதைகள் சேகரிக்கப்பட்டு ஊன்றப்படுகின்றன. பாக்காவின் விதை பிற மரங்களின் விதையைப் போன்றதன்று. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, பச்சை முருங்கைக்காய் போல் நீண்டு, கூர்முனை கீழ்நோக்க விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். ஊன்றுபவர் செய்வதும் அதையே. கையளவு ஆழத்துக்கு முளையைச் சேற்றில் செருகி, ஏறத்தாழ 1.2 மீட்டர் தள்ளி அடுத்ததைச் செருகுவார். 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் நெருக்கம் குறைக்கப்படுகிறது. முதல் தடவைக்கு 1.2 மீட்டர், இரண்டாவதுக்கு 1.8 மீட்டர் நீளமுள்ள ஒரு கோலே இதற்கு அளவுகோல். விட்டுவைக்க வேண்டிய மரத்தைச் சுற்றி அக்கோலின் வீச்சுக்குள் நிற்பவை கழிகளாக வெட்டப்படும். 30ஆம் ஆண்டில் எஞ்சிய மரங்கள் கரிச்சூளைக்குச் செல்கின்றன.

கரிச்சூளை முறை 1930 வாக்கில் சயாமிலிருந்து வந்தது. கவிழ்த்து வைத்த பெரும்பானை போன்ற செங்கல் சூளைகள், பெரும்பாலும் சீனக் குடும்பங்களின் கையில், கோலா செபெத்தாங்கிலும் அண்டை ஊர்களிலும் வரிசையாக நிற்கின்றன. உச்ச ஓதத்தில் படகில் வந்து இறங்கும் கட்டைகளின் பட்டையை உரித்து, ஏறத்தாழ 1.6 மீட்டர் நீளத்துண்டுகளாகச் சூளைக்குள் நிறுத்தி வைப்பர். ஒரு சூளைக்கு ஏறத்தாழ 40 டன் பச்சைமரம் போகிறது. எரித்து, மூடி, ஆறவைத்து ஒரு மாதம் கழித்துத் திறந்தால் கிடைப்பது 10 டன் கரி. உள்ளே தீ நேரடியாக மரத்தைத் தொடுவதில்லை. வாயிலில் மூட்டிய நெருப்பின் வெப்பம் மரத்தின் நீரை விரட்டுகிறது. நீர் முழுவதும் போய்விட்டதா என்பதை, பக்கவாட்டுத் துளையிலிருந்து வெளிவரும் ஆவியின் மணத்தையும் சூட்டையும் கொண்டே சூளைக்காரர் தீர்மானிக்கிறார். இந்தப் பொறுமையான தொழிலே ஏறத்தாழ நூறாண்டுகளாகக் காட்டின் மறுநடவுக்கு வேண்டிய வருவாயை ஈட்டித் தந்தது. உரிமக் கட்டணமும் அரசுப் பங்கும் வருவாயாக வர, அதே காட்டின் பராமரிப்பு தொடர்ந்தது. எந்தக் கொடையாளரும் அதற்குப் பணம் தரவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு அறிமுகமான ஒன்றை நினைவூட்ட வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளின்படி, கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிக்க ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டன. ஒரு விளக்குக்குப் பொதுவாக 96 ஆடு. அவ்வாடுகளை ஏற்ற இடையர், நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. தனித்தனி ஆடு சாகும், மூப்படையும். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்கப்படும் என்பதே இதன் பொருள். உத்திரமேரூரில் வைரமேக தடாகம் என்னும் ஏரியைத் தூர்வாருவதற்குப் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் வேலை நடக்கச் செய்த ஏற்பாடு பல்லவர் காலத்திலேயே இருந்தது; அவ்வூரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதியையும் தருகின்றன. இவ்வகைக் கொடைக்கு நிபந்தம் என்று பெயர்: முதல் அழியாமல், பலன் மட்டும் செலவாகும் கொடை. மாத்தாங்கின் முப்பது பங்கில் ஒன்றை மட்டும் வெட்டுவதும் நிபந்தத்தின் கணக்கே. வனவியலார் ஐரோப்பாவில் கற்ற கல்வியிலிருந்து இதை வகுத்தனர்; ஆனால் அதன் நியாயம் தமிழ்க் கல்வெட்டுக்கு அந்நியமானது அன்று.

இதனால் மாத்தாங் குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. வெட்டி நடுவது ஒருசில பாக்காவ் வகைகளையே பெருக்கியதால் காட்டின் பன்மை குறைந்திருக்கிறது. முற்காலத்து விளைச்சலைவிடப் பிற்கால விளைச்சல் குறைந்துவருவதாக ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர். முதல் உண்மையிலேயே அழியாமல் இருக்கிறதா என்ற கேள்வி நிபந்தத்தை ஏற்றவரிடம் ஆண்டுதோறும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

ஒரே முறை எல்லா இடத்திலும் பலிக்காது என்பதற்குச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் சான்று. அங்கும் காலனி ஆட்சிக் காலத்திலிருந்து 1970கள் வரை அலையாத்தி கூப்பு முறையில், அதாவது பகுதி பகுதியாக முற்றாக, வெட்டப்பட்டது. மாத்தாங்கில் வெட்டிய இடம் மீண்டும் பசுமையானது. பிச்சாவரத்தில் வெட்டிய இடம் உப்புப் பாழானது. காரணம் நீரில் இருக்கிறது. பேராக்கில் ஆண்டு முழுவதும் மழை, 2 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் ஓதம். பிச்சாவரத்தில் ஓதத்தின் வீச்சு ஒரு மீட்டரைத் தொடுவதில்லை, மழையும் சில மாதங்களுக்கே. மரநிழல் போனதும் வெயிலில் மண்ணின் ஈரம் ஆவியாகி நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் புகுந்த கடல்நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி வற்றி, உப்பை மட்டும் விட்டுச்சென்றது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் வி. செல்வம் போன்ற ஆய்வாளர்களின் வழிகாட்டலில் தமிழக வனத்துறையுடன் சேர்ந்து இதைக் கண்டறிந்தனர். இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் நல்கையைக் கொண்டு 1990களின் பிற்பகுதியில் அவர்கள் விரிவாகச் செய்த வேலை, மீன்முள் வடிவில் கால்வாய்களை வெட்டி, பாழ்நிலத்துக்குள் ஓதம் வந்து போக வழி திறந்ததே. முளைகள் அதன் பின்னரே ஊன்றப்பட்டன. கால்வாய்களை ஆண்டுதோறும் தூர்வாரும் பொறுப்பில் அண்டைக் கிராமங்களும் சேர்க்கப்பட்டன. தூர்வாராத கால்வாய் சில ஆண்டுகளிலேயே தூர்ந்து மேடாகிவிடும் என்பது அவ்வேலையில் இறங்கியவர்கள் அனைவருக்கும் தெரியும். நல்கைப் பணம் நன்கு செலவான எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று. முளை ஊன்றுவதற்கு முன்பே நீரின் வழி திறக்கப்பட்டது என்பதே அதன் சிறப்பு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நிலைமை தலைகீழானது. மலேசியாவில் 68 பேர் இறந்தனர். தமிழகத்திலும் இலங்கையிலும் இழப்பு பன்மடங்கு. கடலூர்க் கரையில் மரங்களுக்குப் பின்னாலிருந்த சிற்றூர்கள் குறைவாகச் சேதமடைந்தன என்று 2005இல் வெளியான ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அவ்வூர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று பிற ஆய்வாளர்கள் மறுத்தனர். அவ்விவாதம் முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. அரசுகளும் அறக்கட்டளைகளும் வணிக நிறுவனங்களும் அலையாத்தி நடுவதற்கு நிதி ஒதுக்கின. விளைவை இலங்கையில் பின்னர் அளந்தனர். 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டர் வரை நடப்பட்டதில், 200 முதல் 220 ஹெக்டர் மட்டுமே தேறியது; ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பிலிப்பைன்ஸில் அதற்கு முன்பே பல பத்தாண்டுகள் நடந்த நடவில் 10 முதல் 20 விழுக்காடே நிலைத்தது என 2008இல் ஆய்வு வெளியாகியிருந்தது. இத்தோல்விகளுக்கான காரணம் எவருக்கும் தெரியாத மர்மம் அன்று. மலாயா வனத்துறையின் ஜே. ஜி. வாட்சன் 1928இல் வெளியிட்ட நூலில் அது அச்சாகியிருந்தது.

வாட்சன் கடலோரச் சேற்றை ஐந்து வகையாகப் பிரித்தார். மாதத்துக்கு 56 முதல் 62 முறை, அதாவது ஏறக்குறைய ஒவ்வோர் ஓதத்திலும், மூழ்கும் சேறு முதல் வகை. மாதத்துக்கு 20 முதல் 45 முறை மூழ்குவது மூன்றாம் வகை. உவா நாள்களில், அதாவது முழுநிலவையும் புதுநிலவையும் ஒட்டி வரும் பெரும் ஓதத்தில் மட்டும் மூழ்குவது நான்காம் வகை. பாக்காவ் செழிப்பது பெரும்பாலும் மூன்றாம் வகையில். முதல் வகையில் எந்த மரமும் எளிதில் நிலைகொள்வதில்லை. இன்றைய நடவுகளில் பெரும்பகுதி முதல் வகைச் சேற்றில்தான் நடக்கிறது. அச்சேறு தனியார் எவருக்கும் சொந்தமில்லாதது. அங்கே நட நிலக்காரர் எவரையும் கேட்க வேண்டியதில்லை. அலையாத்திக்கு உரிய இடம் இறால் குட்டையாகவோ தோட்டமாகவோ மாறி, பட்டா உள்ள ஒருவரின் கையில் இருக்கிறது. ஆகவே கடலோர மீட்பின் மையச் சிக்கல் நிலவுரிமை. அதைத் தீர்ப்பதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஒரு லட்சம் கன்று நடுவதற்கு ஒரு சனிக்கிழமை போதும். கன்றுகளின் எண்ணிக்கையைக் கேட்கும் அறிக்கைப் படிவம் நடுபவரைத் தவறான சேற்றுக்குத் தானே தள்ளிவிடுகிறது. இதில் நடுபவரைக் குறை சொல்வது நியாயமன்று. கேள்வியை எழுதியவர்தான் பொறுப்பு.

இப்பகுதியில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. பேராக்கின் வட எல்லைக்கு அப்பால், பினாங்கின் கரையோர மீனவர்கள் 1994இல் தொடங்கிய நலச்சங்கம், ஆழிப்பேரலைக்கு ஏழாண்டு முன்னதாகவே, 1997இலேயே, அலையாத்தி நடத் தொடங்கியது. அதற்குத் துணை நின்ற சாஹாபாட் ஆலாம் மலேசியா என்னும் சுற்றுச்சூழல் அமைப்பையும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் வழிநடத்திய எஸ். எம். முகமது இத்ரிஸ் தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வணிகராக வாழ்ந்தவர். 2019இல் மறையும்வரை, மீனவரின் வயிறும் காடும் ஒன்று என்பதை ஓயாமல் எடுத்துரைத்தார். அம்மீனவர்கள் மரம் நட்டது மீன் குறைந்துபோனதால். எந்தச் சேறு எத்தனை முறை மூழ்குகிறது என்பதை நாள்தோறும் படகு தள்ளுபவர் வாட்சனைப் படிக்காமலே அறிவார். மாத்தாங்கின் வடமுனையான கோலா குலாவில், 1998இல் தொடங்கப்பட்ட உலகளாவிய சுற்றுச்சூழல் மையத்தின் துணையோடு ஊர்மக்கள் சாஹாபாட் ஹூத்தான் பாக்காவ், அதாவது பாக்காவ் காட்டின் நண்பர்கள், என்ற குழுவாக இணைந்து நாற்றங்கால் நடத்துகின்றனர். 1992இல் உலக அளவில் தொடங்கிய சிறுநல்கைத் திட்டம் போன்றவை இத்தகைய குழுக்களுக்கு 50,000 அமெரிக்க டாலர் வரையிலான தொகையை நேரடியாக வழங்கும் வழியைத் திறந்தன. சிறிய தொகை, நிலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் கையில் சேர்வது, பெருந்தொகை தொலைவிலுள்ள அலுவலகத்தில் சேர்வதைவிட நல்லது என்பதை இவ்வட்டாரத்தின் அனுபவம் காட்டுகிறது. இலங்கையின் சிலாபத்தைச் சேர்ந்த சுதீச அமைப்புக்கு 2015இல் அமெரிக்க அறநிறுவனமான சீகாலஜி வழங்கிய நிதி, கடலோரப் பெண்களுக்குச் சிறுகடனாகச் சென்றது. அண்டையிலுள்ள அலையாத்தியைக் காப்பது கடனுக்கான உறுதி. திருப்பிக் கட்டிய கடன் அடுத்தவருக்குப் போகிறது. நல்கை நிபந்தமாக மாறுவதற்கு இது ஒரு வழி.

பேராக்கின் தமிழருக்கு இப்படி முதல் திரட்டிய வரலாறு சொந்தமாகவே உண்டு. விடுதலைக்குப் பின் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுப் புறப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அறியப்படும் அக்காலத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்த குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், மாதம் 10 வெள்ளியாகத் தொழிலாளர் கட்டிய பங்குப் பணத்தைச் சேர்த்து, அடுத்த ஆண்டே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. தோட்டம் தோட்டமாகச் சென்று லயத்து வாசலில் நின்று பேசித் திரட்டிய பணம் அது. நாள்கூலியில் பத்து வெள்ளி ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள் அதைக் கொடுத்தார்கள். நிலம் முதலாக நின்றது, விளைச்சல் பங்காதாயமாக வந்தது. அந்நிலங்கள் கடலோரத்தை மீட்பதற்காக வாங்கப்பட்டவை அல்ல என்பது உண்மை. ஆனால் கரையிட்டு வடித்த கடலோரத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாகான் டத்தோவிலும் ஹூத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் இந்தானிலும் இன்றும் வாழ்கிறார்கள். பெரும் ஓதத்தில் மண்கரை உடைந்தால் உப்புநீர் ஏறுவது அவ்வட்டாரத்தின் தென்னையிலும் செம்பனையிலும்தான்.

மலேசியத் தமிழரின் கொடைப்பணம் இதுவரை கோயிலுக்கும் பள்ளிக்கும் சென்றது, அது சரியே. சுங்கை சிப்புட்டில் 1954இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை அதற்குச் சாட்சி. கோயில் அறங்காவலர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளி வாரியங்களும், கரை உடையும் ஊர்களில் மண்கரைக்கு முன்னே அலையாத்திப் பட்டை ஒன்று நிற்பதற்கு ஒரு முதல் தொகையை ஒதுக்கினால், அது சாவா மூவாப் பேராட்டின் வரிசையில் சேரும். அப்பணத்தை ஏற்பவரிடம் எத்தனை கன்று என்று கேட்க வேண்டாம். நிலம் யாருடையது, ஓதம் மாதத்துக்கு எத்தனை முறை ஏறுகிறது, முளைகள் தாமாகவே வந்து விழுகின்றனவா, விழுந்தும் முளைக்காமல் தடுப்பது எது, ஐந்தாம் ஆண்டில் வடிகாலைத் தூர்வாருபவர் யார் என்று கேட்டால் போதும். மாத்தாங்கில் இவ்வாண்டு ஊன்றப்படும் முளையை ஒருவர் கோல் கொண்டு அளக்க வருவது இன்னும் 15 ஆண்டு கழித்து. அந்த வருகை முப்பதாண்டுச் சுழற்சியின் கணக்கில் இப்போதே இடம்பெற்றிருக்கிறது.